வேலிக்கு இந்தப் பக்கம்

லாஸ் ஏஞ்சலிஸ் புறநகர்த் தெருக்களில் ஒரு பூனை காணாமற்போனால் அக்கம்பக்கத்தார் முதலில் சந்தேகப்படுவது கயோட்டியை. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு இது. நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் 10 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடையில் இருக்கும். ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், கனடாவின் பெரும்பகுதியிலும், தெற்கே பனாமா வரையிலும் இது பரவியிருக்கிறது. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலும் இது உண்டு. இது திரியும் ஊர்களில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நகராட்சி கூண்டு வைத்து இவற்றைப் பிடித்துக் கொல்ல வேண்டும் என்கிறது ஒரு கட்சி. எலியைத் தின்று பிழைக்கும் அப்பாவிப் பிராணி இது, பூனையைத் தொடுவதே அபூர்வம் என்கிறது மற்றது. இரண்டு கட்சியுமே, வளர்ப்பவர் செய்ய வேண்டிய வேலையை வேறு யார் தலையிலோ கட்டுகின்றன என்பது என் எண்ணம். வெளிவந்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், ஊரில் எத்தனை கயோட்டிகள் இருக்கின்றன என்பதைவிட, அந்த வீட்டாரும் அந்தத் தெருவாரும் என்ன வழக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே செல்லப்பிராணியின் உயிரைத் தீர்மானிக்கிறது என்று தெரியும்.

கொன்று ஒழிப்பது என்ற யோசனை அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்து பார்க்கப்பட்டதுதான். மேற்குப் புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும் மட்டும் வாழ்ந்துவந்த கயோட்டியை ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்காக அரசே ஆளமர்த்திக் கொன்றது. 1931 இல் அதற்கென்று நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. 1947 முதல் 1956 வரை மட்டும் மேற்கு மாநிலங்களில் சுமார் 65 லட்சம் கயோட்டிகள், பெரும்பாலும் விஷம் வைத்து, கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் டான் ஃப்ளோரஸ் தமது ‘கயோட்டி அமெரிக்கா’ நூலில் எழுதுகிறார். 1972 இல் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் இந்த விஷங்களுக்குத் தடை விதித்தார். இத்தனைக்கும் பிறகு கயோட்டி குறைந்ததா என்றால், இல்லை. அது கிழக்குக் கடற்கரை வரை போய்ச் சேர்ந்தது. 1999 இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவிலேயே ஒன்று பிடிபட்டது. கயோட்டியை அடக்கிவைத்திருந்த ஓநாயை மனிதர்கள் பெரும்பாலான இடங்களில் துடைத்தெறிந்துவிட்டதும், காடுகள் வயல்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறியதும் அதற்கு வழி திறந்துவிட்டன. இன்றும் அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு ஆண்டுக்கு 60,000 என்ற அளவையொட்டிக் கயோட்டிகளைக் கொன்றுகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவு கொன்றும் அது ஏன் குறையவில்லை என்பதற்கு அதன் குடும்ப அமைப்பில் விடை இருக்கிறது. ஒரு ஜோடியும் அதன் வளர்ந்த குட்டிகளும் சேர்ந்து ஓர் எல்லையை வைத்துக்கொண்டு காவல் காக்கும். அந்தக் குழுவில் பொதுவாகத் தலைமை ஜோடி மட்டுமே குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஏழு குட்டிகள் பிறப்பது வழக்கம். எல்லை எதுவும் கிடைக்காமல் அலையும் இளம் கயோட்டிகள் எப்போதும் வெளியே காத்திருக்கின்றன. காவல் காத்த ஜோடியைப் பிடித்துப் போனால், காலியான இடத்துக்குச் சில வாரங்களில் அவை வந்துவிடும். போட்டி குறைந்து இரை மிஞ்சுவதால் பிறக்கும் குட்டிகளில் பிழைப்பவையும் கூடும். கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு கலிபோர்னிய ஆய்வாளர்கள் 1975 இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: ஆண்டுதோறும் முக்கால்வாசிக் கயோட்டிகளைக் கொன்றால்கூட, முழுவதும் ஒழிய 50 ஆண்டுகளுக்கு மேலாகும். எந்தப் புறநகராட்சிக்கும் அத்தனை ஆளும் பணமும் கிடையாது; பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும் உள்ள இடத்தில் விஷம் வைக்கவோ சுடவோ முடியாது. பிடித்து வேறிடத்தில் விட்டுவிடலாமே என்றால், கலிபோர்னியாவில் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. விடப்படும் இடத்தில் வேறொரு குழு ஏற்கெனவே குடியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கொல்வதை எதிர்ப்பவர்கள் ஒரு புள்ளிவிவரத்தை விரும்பி எடுத்துக் காட்டுவார்கள். சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்டியில் 2000 முதல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கெர்ட் குழுவினர் கயோட்டிகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டித் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் ஆராயப்பட்ட ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மல எச்சங்களில் எலி, சுண்டெலி வகைகள் 42 சதவீதத்திலும், பழங்கள் 23 சதவீதத்திலும், மான் 22 சதவீதத்திலும், முயல் 18 சதவீதத்திலும் இருந்தன. வீட்டுப் பூனை இருந்தது சுமார் ஒரு சதவீதத்தில். இதைப் படித்துவிட்டுப் பூனையைத் தெருவில் விட்டுவிடலாம் என்று முடிவு கட்டுபவர் தெற்கு கலிபோர்னியாவின் கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்பகுதியில் சேகரித்த எச்சங்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தில் பூனை இருந்தது. மலைகளையொட்டிப் பச்சை மிகுந்த தௌசண்ட் ஓக்ஸ் பக்கத்துப் புறநகரிலோ அது 4 சதவீதம்தான். அரிசோனாவின் டூசான் நகரில் கயோட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், கயோட்டியும் பூனையும் எதிர்ப்பட்ட 36 சந்தர்ப்பங்களைக் கண்டார்கள். அவற்றில் 19 இல் பூனை செத்தது.

இந்த எண்கள் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. சிகாகோவைச் சுற்றிப் பெரிய வனக்காப்பு நிலங்கள் உண்டு. மானும் முயலும் எலியும் அங்கே தாராளம். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள் கான்கிரீட்டும் குப்பைத்தொட்டியும் அலங்கார அத்தி மரமும், இரவில் வெளியே சுற்றும் பூனையும்தான் கைக்கெட்டும் இரை. கயோட்டி கிடைப்பதைத் தின்கிறது, அவ்வளவுதான். கொல்வதை எதிர்ப்பவர்களின் வாதத்தில் இன்னொரு சறுக்கலும் உண்டு. கயோட்டியின் உணவில் பூனைக்கு எவ்வளவு பங்கு என்பது ஒரு கேள்வி. வெளியே போன பூனை பிழைத்துத் திரும்புமா என்பது வேறொரு கேள்வி. ஒரு கயோட்டியின் வயிற்றில் வருடத்துக்கு மூன்று பூனை போனால் அதன் உணவுக் கணக்கில் அது தூசுக்குச் சமம். அந்தத் தெருவில் பூனை வளர்த்த மூன்று வீடுகளுக்கு அது முழு இழப்பு. ஒரு சதவீதம் என்ற எண்ணைப் பூனைக்கான ஆயுள் உத்தரவாதமாகப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே பூனையைப் பொறுத்தவரை பதில் நேரானது: அது வீட்டுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது அந்தி முதல் விடியும் வரை. டூசானில் பார்க்கப்பட்ட மோதல்களில் பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் இடையில் நடந்தவை. பூனை என்றால் சுற்றித்திரியும் பிராணி, அதை அடைத்துவைப்பது கொடுமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் இருக்கிறது. திடீரென்று உள்ளே பூட்டப்பட்ட பூனை கத்தும், கதவைப் பிறாண்டும், சோபாவைக் கிழிக்கும். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுப்பது பூனை மட்டுமல்ல. கெவின் க்ரூக்ஸ், மைக்கேல் சூலே ஆகியோர் 1999 இல் வெளியிட்ட சான்டியேகோ ஆய்வில், கயோட்டி வராத பள்ளத்தாக்குகளில் பூனை முதலான சிறு வேட்டைப் பிராணிகளின் நடமாட்டம் கூடி, புதர்ப் பறவை இனங்கள் அருகிப்போயிருந்தன. கயோட்டி நடமாடும் என்று அறிந்ததும் பூனையின் வெளிநடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதாக அங்கே 46 சதவீத வளர்ப்பாளர்கள் சொன்னார்கள். மனிதர் மனம் வைத்தால் பழக்கம் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெயிலும் காற்றும் பூனைக்கு வேண்டுமென்றால், சுவரை ஒட்டி, மேற்புறமும் கம்பிவலை போட்ட அடைப்பு கட்டிக்கொடுக்கலாம். ‘கேட்டியோ’ என்ற பெயரில் கடைகளில் தயாராகவே கிடைக்கிறது. தோளில் கட்டும் வாரோடு நடக்கப் பழகிய பூனைகளும் உண்டு.

நாயின் கதை கொஞ்சம் சிக்கலானது. சிவாவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற சின்ன நாய்களைக் கயோட்டி இரையாகப் பார்க்கிறது. லாப்ரடார் போன்ற பெரிய நாயைப் பார்க்கும்போது அதற்குத் தோன்றுவது வேறு: தன் எல்லைக்குள் நுழைந்த போட்டியாளன், தன் குட்டிக்கு ஆபத்து. ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் காலம்; சுமார் 63 நாள் சுமந்து ஏப்ரல், மே மாதங்களில் குட்டி ஈனும். அதன் பிறகு கோடை முழுக்கக் குட்டிகளைக் காக்கும். இந்த மாதங்களில்தான் பெரிய நாய்களோடும் மல்லுக்கு நிற்கும். நாயுடன் நடப்பவரைச் சற்று தூரத்தில் பின்தொடர்ந்தபடியே ஒரு கயோட்டி வருவதைப் பார்த்துப் பலர் வேட்டையாட வருகிறது என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது குட்டிகள் இருக்கும் வளையின் பக்கத்திலிருந்து ஆளை வெளியேற்றும் வழியனுப்பல்தான். ஓடாமல், முதுகைக் காட்டாமல், நாயை அருகில் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புவதே சரி. மறுநாள் வேறு பாதையில் போக வேண்டும்.

நாயைக் கயிற்றில் பிடித்து நடத்துவது என்ற சாதாரண வழக்கம் இங்கே பெரிய பாதுகாப்பு. ஆறடிக்கு மேற்படாத, நீளம் மாறாத கயிறாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் இருபதடி வரை சுருள் அவிழும் கயிறு இப்போது பலர் கையில் இருக்கிறது. அதன் மறுமுனையில் புதருக்குள் மோப்பம் பிடிக்கும் சின்ன நாய் நடைமுறையில் தனியாக விடப்பட்ட நாய்தான். படுக்கப்போகுமுன் பின்கதவைத் திறந்து, போய்விட்டு வா என்று நாயைத் தோட்டத்தில் விடுகிற பழக்கமும் அப்படித்தான். சொந்தத் தோட்டம்தானே என்ற தைரியம் மனிதனுக்கு இருக்கலாம், கயோட்டிக்குப் பத்திரப் பதிவு தெரியாது. விளக்கைப் போட்டு, ஒரு முறை பார்த்துவிட்டு, கூடவே நின்று அழைத்து வர வேண்டும். கூர்முள் பதித்த, பல் இறங்காத துணியில் தைத்த கவச உடுப்புகள் சின்ன நாய்களுக்காக விற்கப்படுகின்றன. கவ்வியவுடன் கழுத்து முறிவதை அவை தடுக்கக்கூடும். கூட ஆள் நிற்பதற்கு அவை ஈடாகா.

வேலி போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு வேலியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். நாலடி வேலி கயோட்டிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆறடி வேலியிலும் காலை ஊன்றித் தாவி ஏறிவிடும். எட்டடி உயரம் வைக்க எல்லா ஊர்களிலும் அனுமதி கிடைக்காது. அதனால் ஆறடி வேலியின் உச்சியில் சுழலும் உலோக உருளையைப் பொருத்துகிறார்கள். முன்காலை வைத்ததும் அது சுழன்று பிடி நழுவச் செய்யும். கயோட்டி நன்றாகத் தோண்டக்கூடியது என்பதால் கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடிக்கும் மேல் இறக்கி, வெளிப்பக்கம் மடித்துப் பதிக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, வேலியை ஒட்டி விறகை அடுக்கி ஏணி போட்டுக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. நல்ல வேலி நேரத்தை வாங்கித் தரும், கூட இருக்கும் மனிதன் எட்டிப் பிடிக்க அந்த நேரம் போதும். ஆளில்லாத தோட்டத்துக்கு எந்த வேலியும் முழுக் காவல் அல்ல.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தீனி. கயோட்டி ஒரு தெருவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அங்கே அதற்கு ஏதோ கிடைக்கிறது. வராந்தாவில் இரவு முழுக்கக் கிடக்கும் நாய்த் தீனிக் கிண்ணம், மூடி இல்லாத குப்பைத்தொட்டி, மரத்தடியில் அழுகும் அத்தியும் ஆப்பிளும், தெருப்பூனைகளுக்காக யாரோ புண்ணியத்துக்கு வைக்கும் உணவு. பறவைகளுக்காகத் தொங்கவிடும் தானியக் கூண்டைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிந்தும் தானியத்துக்கு எலி வருகிறது, எலிக்குக் கயோட்டி வருகிறது. தெருப்பூனைக்கு உணவு வைப்பவரிடம் இதைச் சொன்னால் மனம் புண்படும் என்பது உண்மைதான். பகலில் வைத்து, பூனை தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்பது எவருடைய இரக்கத்தையும் குறை சொல்வது ஆகாது. இரவுத் தீனி அந்தப் பூனைகளையும் கயோட்டியையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கிறது. இன்னும் மோசமானது, அழகாக இருக்கிறதே என்று கயோட்டிக்கே தீனி போடுவது. மனிதன் கையிலிருந்து உணவு வரும் என்று கற்றுக்கொண்ட கயோட்டி அந்தத் தெருவில் அதன் பிறகு நடக்கும் அத்தனை பேரிடமும் அதை எதிர்பார்க்கும். லாஸ் ஏஞ்சலிஸ் உட்படப் பல நகரங்களில் இது சட்டப்படி குற்றம்.

கண்ட இடத்தில் விரட்டுங்கள் என்று நகராட்சிகள் சொல்கின்றன. கையை உயர்த்தி ஆளைப் பெரிதாகக் காட்டுவது, உரக்கக் கத்துவது, சில்லறை போட்ட தகரத்தைக் குலுக்குவது, தோட்டக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுவது. மனிதன் என்றால் தொல்லை என்ற நினைவு அதற்கு இருக்கட்டும் என்பதே நோக்கம். கயோட்டி கண்பார்வையைவிட்டு அகலும் வரை நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டால் மனிதன் வெறும் சத்தம் என்று அது படித்துக்கொள்ளும். குட்டிகள் இருக்கும் வளைக்கு அருகில் மட்டும் இதைச் செய்யாமல் விலகிப் போவதே நல்லது. இந்த முறையை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. டென்வர் பகுதியில் பயிற்சி பெற்ற குடியிருப்பாளர்களைக் கொண்டு சோதித்தபோது, கூட நாய் இருந்தால் விரட்டலின் பலன் குறைவதாகத் தெரிந்தது. தீனிக்குப் பழகிவிட்ட கயோட்டியையும் கைதட்டலால் திருத்துவது கடினம். தீனியை நிறுத்தாமல் விரட்டுவது ஒரு கையால் அழைத்து மறு கையால் துரத்தும் வேலை.

குழந்தைக்கு ஆபத்து வந்தபிறகும் கொல்லக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. வட அமெரிக்காவில் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவான நிகழ்வுகள் இரண்டு: 1981 இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, 2009 இல் கனடாவின் கேப் பிரெட்டன் மேட்டுநிலத் தேசியப் பூங்காவில் டெய்லர் மிட்செல் என்ற 19 வயதுப் பாடகி. வளர்ப்பு நாய்கள் கடித்து அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்துக்கணக்கானோர் இறக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. கிளெண்டேல் மரணத்துக்குப் பிறகு அந்த வீட்டைச் சுற்றி அரை மைல் தொலைவுக்குள் மட்டும் 80 நாள்களில் 55 கயோட்டிகள் பிடிபட்டன. காட்டிரையை மட்டும் நம்பி அத்தனை கயோட்டிகள் அவ்வளவு சிறிய இடத்தில் பிழைக்க முடியாது; குடியிருப்பின் தீனிதான் அவற்றைக் கூட்டியது. பட்டப்பகலில் ஆளை நெருங்கி வருகிற, கயிற்றில் இருக்கும் நாயைப் பாய்ந்து கவ்வுகிற, மனிதரைக் கடிக்கிற குறிப்பிட்ட கயோட்டியை அதிகாரிகள் பிடித்துக் கொல்வது சரியே. அது நடந்துவிட்ட ஒரு கெடுதலுக்கான மருந்து. ஊரிலுள்ள கயோட்டிகளை எல்லாம் பொத்தாம்பொதுவாகக் கொல்வதற்கு அதையே சாக்காக்கினால், அடுத்த பருவத்தில் வரும் புதிய கயோட்டிக்கும் அதே தொட்டி, அதே கிண்ணம், அதே பூனை காத்திருக்கும்.

மருத்துவம் பற்றி இரண்டு வார்த்தை. கயோட்டி நடமாடும் இடத்தில் நாய்க்கு ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட வேண்டும். கடிபட்ட பிராணியை, தோலில் சின்னத் துளைதானே தெரிகிறது என்று வீட்டில் வைத்து மஞ்சள் தடவிக்கொண்டிருக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பல் ஆழத்தில் நசுக்கிய சதை வெளியே தெரியாது. எலிகளை ஒழிக்க விஷக்கட்டி வைப்பதை நிறுத்துவதும் நல்லது. அந்த விஷம் தின்ற எலி வழியாகக் கயோட்டிக்கும், சில வேளை வீட்டுப் பூனைக்குமே போய்ச் சேருகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை, ஆனால் ஒரு வீடு மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். சிகாகோவில் குடும்பமாக வாழும் கயோட்டிகளின் எல்லை சராசரியாக ஐந்து சதுர கிலோமீட்டரை ஒட்டியிருக்கிறது. அதற்குள் எத்தனை வீட்டுக் கொல்லைகள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். புது வேலிக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், உங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் இரவில் தீனி இருக்கிறது என்று பார்த்து, அவரிடம் போய்ப் பேசுங்கள்.